மூல அச்சில் எழுதியிருந்தது

மேற்கே மலையும் கிழக்கே உப்பளமும் எல்லையாகக் கொண்ட அச்சுபுரியில் மனிதர்கள் பிறப்பதில்லை. அச்சிலிருந்து பிரதியாகிறார்கள் என்பதே அந்நாட்டுச் சட்டம். அச்சமைச்சர் குணபத்திரர் குலத்துக்கு ஓர் அச்சு, அச்சுக்கு ஓர் ஏடு என எழுதி வைத்திருந்தார். அந்தக் குலத்தாரிடம் என்ன இருக்கும், அவர்கள் என்ன செய்வார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. ஏட்டில் இல்லாததைச் செய்தால் கசையடி.

சிவிகையர் ஏடு மிகச் சிறியது. இருப்பது: இரண்டு தோள்கள். செய்வது: பல்லக்குச் சுமத்தல்.

ஏடுகள் எழுதிய முதல் ஆண்டில் மரபுரிமைச் சட்டம் வந்தது. தாய் அச்சில் உள்ளதெல்லாம் சேய் அச்சுக்கும் உண்டு. சுமந்தவர்களின் பிள்ளைகளும் சுமந்தார்கள். அடுத்த ஆண்டு உறைச் சட்டம். பிரதிக்குக் கட்டளை இடலாம். அதன் உள்ளே நடப்பதை வெளியிலிருந்து எவரும் பார்க்கலாகாது. பல்லக்குத் தூக்கும் சுடலையின் தோள் சீழ்பிடித்தபோது அரண்மனை மருத்துவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"புண் என்பது பிரதியின் உள் விவகாரம். பார்த்தால் நான் குற்றவாளி."

பத்தாம் நாள் சுடலை இறந்தான். அவன் இடத்தில் அவன் மகள் மாடத்தி தோள் கொடுத்தாள். ஏட்டில் தோள்கள் என்றுதான் இருந்தது. ஆண்களின் தோள்கள் என்று இல்லை.

அந்த ஆண்டே சபைத் தேர்தல் வந்தது. மாடத்தி வேட்புமனுவோடு போய் நின்றாள். குணபத்திரர் சபையைப் பார்த்துச் சிரித்தார்.

"உறுப்பினர் என்றால் பேச வேண்டும். உங்கள் ஏட்டில் பேசுதல் என்ற வினையே கிடையாதே!"

"சரிங்கய்யா. எங்க ஏடு எதுல இருந்து வந்திச்சி?"

தம் உழைப்பை விளக்கும் வாய்ப்பு அமைச்சருக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. "சிவிகையர் அச்சு, உழைப்பாளர் அச்சிலிருந்து. அது, குடிகள் அச்சிலிருந்து. அதுவோ மூல அச்சிலிருந்து. அதன் பெயர் மனிதர்."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிங்கய்யா."

"நடத்தல். பேசுதல்." அமைச்சரின் குரல் இறங்கியது.

"இன்னும் ஒண்ணு இருக்கும் போலயே."

"மறுத்தல்."

"தாய்க்கு உள்ளது சேய்க்கும் உண்டுன்னு நீங்கதான சட்டம் போட்டீங்க? அப்ப எங்கப்பாவுக்கும் வாய் இருந்திச்சி. வலிக்குன்னு சொல்லியிருக்கலாம். மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். ஒருத்தரும் அவர்ட்ட அதச் சொல்லல."

அவள் மனுவை மேசைமேல் நீட்டினாள். சட்டத்தை அமைச்சரே எழுதியிருந்ததால் அதில் ஓட்டை எதுவும் இல்லை. முத்திரை குத்திக் கொடுத்தார்.

வெளியே மன்னர் பல்லக்கில் ஏறி அமர்ந்து, "தூக்குங்கள்," என்றார்.

"மாட்டோம்," என்றாள் பல்லக்கின் முன்னால் வந்து நின்ற மாடத்தி. பின்னாலிருந்த மற்றச் சிவிகையர் பதினொரு பேரும் அதையே சொன்னார்கள். முதன்முறை என்பதால் சிலருக்குச் சொல் திக்கியது. தெருவில் நின்ற உப்பளத்தார் அதை வாங்கிச் சொன்னார்கள், சமையற்காரர்கள் சொன்னார்கள், கசையைத் தூக்கிக்கொண்டிருந்த காவலர்களும் யோசித்துவிட்டுச் சொன்னார்கள்.

"அமைச்சரே, நான் இனி எப்படிப் போவது?" என்று வெளியே வந்த குணபத்திரரிடம் மன்னர் கேட்டார்.

குணபத்திரர் மன்னர் அச்சின் ஏட்டைப் புரட்டினார். அதுவும் அதே மூல அச்சிலிருந்துதான் வந்திருந்தது.

"மன்னா, தங்களுக்கும் நடத்தல் உண்டு."

மன்னர் இறங்கினார். தரை சுடுகிறது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவருக்கு வெகுதூரம் முன்னால், முத்திரை குத்திய மனுவை உயரத் தூக்கிப் பிடித்தபடி மாடத்தி போய்க்கொண்டிருந்தாள். ஊரே அவள் பின்னால் பேசிக்கொண்டே நடந்தது.