கொலைகாரன் யாரென்று மனைவிக்குத் தெரியும்

“அந்தப் படத்துல கொலை பண்ணினது யாருன்னு எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். சொன்னா மனுஷன் தாங்கமாட்டாரேன்னுதான் வாயை மூடிக்கிட்டிருக்கேன்.”

லிஃப்ட் மெக்கானிக் அப்போது தாம் குடியிருக்கும் கட்டடத்திலேயே, லிஃப்ட் கூண்டின் தலைமேல், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே, எண்ணெய்க் கையோடு குந்தியிருந்தார். லிஃப்ட் ஓடும் அந்த உயரமான பொந்துக்குள் எந்த மாடிப் பேச்சும் காதோடு சொன்ன மாதிரி கேட்கும். பேசியது அவர் மனைவி. பதிலுக்கு “அய்யோ, அப்படியா!” என்றது இரண்டாம் மாடி நர்சம்மா.

ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது. அதைப் பிடிக்கப் போய் விரல் நசுங்கியது. வந்த கத்தலை அப்படியே விழுங்கினார். துப்பறிகிறவன் கத்தக்கூடாது.

விரல் வலியைவிடப் பெரிய வலி ஒன்று இருந்தது. அது இருபத்திரண்டு வருஷத்து வலி.

பதினாறு வயதில் ஒரு கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படம் பார்த்தார். பாஷை புரியாது, கீழே எழுத்து ஓடும். மழை, ஒரு பெரிய பங்களா, மாடிப்படியில் ஒரு பிணம். சந்தேகத்துக்கு நான்கு பேர்: டாக்டர், பியானோ டீச்சர், செத்தவரின் தம்பி, ஒரு கால் தாங்கி நடக்கும் டிரைவர். துப்பறிவாளர் நான்கு பேரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, தொப்பியைக் கழற்றி, “கொலைகாரர் இந்த அறையில்தான் இருக்கிறார்” என்றார். உடனே திரையின் நடுவில் ஒரு பழுப்புப் பொட்டு விழுந்தது. பொட்டு வட்டமானது. வட்டம் ஓட்டையானது. ஃபிலிம் எரிந்துவிட்டது. மறுநாள் தியேட்டரில் வேறு படம்.

அன்றிலிருந்து மனுஷனுக்கு நிம்மதி இல்லை. அதே மாதிரிப் படங்களாகத் தேடித்தேடிப் பார்த்தார். பின்னறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து, அதைத் தம் தியேட்டராக்கிக்கொண்டார்.

“அப்படி என்னங்க இருக்கு இந்தக் கறுப்பு வெள்ளையில?” என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

“கலர்ல எல்லாமே தெரிஞ்சுடும். இதுல பாதி முகம் இருட்டுல இருக்கும். அந்தப் பாதியை நாமதான் கண்டுபிடிக்கணும்.”

“என் பாதி முகமும் மூணு வருஷமா இருட்டுலதான் இருக்கு. அதையும் கொஞ்சம் கண்டுபிடிங்க.”

அவள் பள்ளிச் சீருடை தைப்பவள். கருநீலத் துணி, கருநீல நூல். தையல் மெஷின் இருப்பதோ வாசல் நடையில், ஒரே ஒரு பல்புக்குக் கீழே. நல்ல வெளிச்சம் வரும் ஜன்னல் வீட்டில் ஒன்றுதான். அதில்தான் கறுப்புத் துணி. கேட்கும்போதெல்லாம் அவர் “பார்க்கலாம்” என்பார். அவர் பார்த்ததென்னவோ படம்தான்.

இப்போது கம்பெனி ஸ்டோர்கீப்பர், எங்கோ அலைந்து அந்தப் படத்தின் டிஸ்க்கைப் பிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கையில் தருவதாகப் பேச்சு. இன்று செவ்வாய். ஐந்தே நாள். அந்த ஐந்து நாளும் முடிவு தெரிந்த ஒருத்தியோடு ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும். அவள் மனசு வைத்தால் போதும், ஒரு வார்த்தையில் இருபத்திரண்டு வருஷம் போய்விடும்.

வீட்டுக்குள் வந்ததும் சாதாரணமாக இருக்கப் பார்த்தார். அவர் சாதாரணமாக இருந்தாலே வீட்டில் சந்தேகம் வரும்.

“என்னங்க, முகம் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்லையே. நீ… பழைய படம் ஏதாவது பார்த்திருக்கியா? ஹாஸ்டல்ல இருந்தப்ப?”

“எத்தனையோ பார்த்தோம். ஒண்ணுல மழை. பங்களா. மாடிப்படி. அதுல கடைசியில பாருங்க, அந்த…”

“வேண்டாம்!” இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டார். எண்ணெய் காதுக்குள் போனது.

“சரி, சொல்லலை. ஆனா எனக்கு ஒரு குணம். இருட்டுல உட்கார்ந்து தைச்சா வாய் தானா எதையாவது உளறும்.”

புதன்கிழமை கறுப்புத் துணி இறங்கியது. வியாழக்கிழமை தையல் மெஷின் பின்னறை ஜன்னலடிக்குப் போனது. அவரே தூக்கிப் போனார். வெள்ளிக்கிழமை சினிமாப் பத்திரிகைகள் பரணுக்கு ஏறின. “இதெல்லாம் தற்காலிகம்” என்று ஏணியின் உச்சியிலிருந்து அறிவித்தார். “ஆமாங்க” என்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்.

ஆனாலும் அவருக்குள் இருந்த துப்பறிவாளர் சும்மா இருக்கவில்லை. இவளுக்கு நிஜமாகவே தெரியுமா? சாட்சியை விசாரித்துவிடுவது என்று சனிக்கிழமை காலை நர்சம்மா வேலைக்குக் கிளம்பும்போது படிக்கட்டில் மடக்கினார்.

“என் வீட்டுக்காரி உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?”

“எதைப் பத்தி சார்?”

“பொதுவா.”

“படத்தைப் பத்தியா? சொன்னாங்க சார். ராத்திரி தூக்கமே வரலை. அந்த ஆளு போய் இப்படிப் பண்ணுவான்னு…”

“ஆம்பளையா!” லிஃப்ட் மெக்கானிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். போச்சு. பியானோ டீச்சர் கழன்றுவிட்டாள். நான்கு மூன்றாகிவிட்டது.

“அய்யோ, இல்ல சார். பொம்பளையும் ஆளுதானே? பொதுவாச் சொன்னேன். வேணும்னா தெளிவாவே சொல்லிடறேனே…”

அவர் மூன்று மாடியை மூச்சுவிடாமல் ஏறி ஓடினார். இப்போது கட்டடத்தில் விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு பேர். நாளைக்குள் அது எத்தனை பேராகுமோ? அன்று முழுக்க யாரோடும் லிஃப்டில் ஏறவில்லை. யாராவது “சார், விஷயம் தெரியுமா?” என்று ஆரம்பித்தால் “தெரியும், தெரியும்” என்று சொல்லிக்கொண்டே நடந்தார். அதனால் தண்ணீர் வராது என்று யாரோ சொல்ல வந்ததும் அவருக்குத் தெரியாமல் போய், சோப்போடு பாத்ரூமில் நின்றார்.

ஞாயிறு மத்தியானம் டிஸ்க் வந்தது. பின்னறை இப்போது தையலறை. ஆகவே டிவி நடைக்கு வந்திருந்தது, மெஷின் இருந்த அதே இடத்துக்கு. எதிர்ச்சுவரில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். பக்கத்தில் மனைவி சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நீ எதுக்கு? உனக்குத்தான் தெரியுமே!”

“தெரிஞ்சாலும் பார்க்கலாமே. ஒரு வார்த்தை பேசமாட்டேன்.”

படம் ஓடியது. மழை. பங்களா. மாடிப்படி. விளக்கு ஆடினால் நிழலும் ஆடியது. நிழல் ஆடினால் அவர் தலையும் கூடவே ஆடியது. பதினாறு வயதில் பார்த்தபடியே எல்லாம் இருந்தது. டாக்டரின் பாதி முகம் இப்போதும் இருட்டில்தான். மனைவியின் ஊசி எப்போதோ நின்றுவிட்டது. அதை அவர் கவனிக்கவில்லை.

துப்பறிவாளர் நான்கு பேரையும் உட்காரவைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

“ஏங்க,” என்று மனைவி அவர் கையைப் பிடித்தாள். “யாருங்க அது? டிரைவரா? சொல்லித் தொலைங்களேன், எனக்குப் படபடன்னு வருது!”

லிஃப்ட் மெக்கானிக் மெதுவாகத் திரும்பினார். மெதுவாக எழுந்தார். டிவிக்கு முதுகைக் காட்டி நின்றார்.

“நீ இந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை.”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“நர்சம்மா?”

“அவங்களும் இல்லை. மழை, பங்களா எல்லாம் நீங்க தினமும் சொல்றதுதானே?”

“நான் லிஃப்டுக்குள்ள இருந்தது உனக்கு எப்படித் தெரியும்?”

“கதவுல போர்டு தொங்குச்சே. ‘ஆள் உள்ளே வேலை செய்கிறார்’னு. நீங்க எழுதினதுதானே?”

அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு பேச ஆரம்பித்தார். இப்படி ஓர் அறையில், குற்றவாளியை எதிரில் உட்காரவைத்து, ஒற்றை விரலைத் தூக்கிப் பேச வேண்டும் என்பது அவருடைய ஆயுட்கால ஆசை. அதை அவசரப்பட்டு வீணாக்குவாரா? “முதல் துப்பு!” என்றார். அந்த நடையின் அகலத்துக்கு இரண்டடி வலதுபக்கமும் இரண்டடி இடதுபக்கமும் நடந்தார். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆரம்பித்தார். ஏணியைச் சொன்னார். பரணைச் சொன்னார். காதில் போன எண்ணெயைக்கூட விடவில்லை.

மனைவி “ம்… ம்…” என்று தலையாட்டினாள். அவள் கண் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தோளுக்கு ஓர் ஓரமாக நின்றது. குற்றமுள்ள மனசு நேருக்கு நேர் பார்க்காது என்று அவருக்குத் தெரியும். குரலை இன்னும் உயர்த்தினார். பின்னால் யாரோ புரியாத பாஷையில் கத்தினார்கள். ஒரு துப்பாக்கி வெடித்தது. அது தம் பேச்சுக்கு எடுப்பாக இருந்ததால் அவர் நிறுத்தவில்லை.

“ஆகவே, நாளைக் காலையில அந்த மெஷின் பழையபடி இந்த நடைக்கே வரும்!”

அவர் திரும்பினார். திரையில் மழை நின்றிருந்தது. கீழே ‘முற்றும்’ என்று எழுத்து ஓடியது.

“பரவாயில்லை,” என்று ரிமோட்டுக்குப் பாய்ந்தார். “பின்னாடி தள்ளிப் பார்த்துக்கறேன். பத்து நிமிஷம்தான்.”

“பாருங்க, தாராளமாப் பாருங்க.” மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “அப்பா, என்ன படம்! நான் கொஞ்சம்கூட நினைக்கலைங்க. உங்களுக்குப் பத்து நிமிஷம் வேணும். எனக்கு ஒரு வார்த்தை போதும்.”

“சொல்லாதே!”

“சொல்லலையே. மெஷின் எங்க இருக்கணும்னு சொன்னீங்க?”

அவர் ரிமோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள்.

“அந்த…”

லிஃப்ட் மெக்கானிக் ரிமோட்டை அவள் மடியில் வைத்தார். தம் வேலைப்பையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். ஜன்னலடியில் தரையில் நான்கு துளை போட்டார். லிஃப்டின் தண்டவாளத்தைச் சுவரோடு பிடித்துவைக்கப் பயன்படும் போல்ட்டில் நான்கைப் பையிலிருந்து எடுத்து, தையல் மெஷினின் நான்கு காலையும், ஸ்பேனர் இனித் திரும்பாது என்கிறவரைக்கும், தரையோடு முடுக்கினார்.