டேப்பில் ஒரு வீடு

"டெல்சி, நீ ஃப்ரிட்ஜுக்குள்ள நிக்கிற" என்றான் அருள்ஜோசப்.

டெல்சி குனிந்து பார்த்தாள். காலடியில் மஞ்சள் டேப்பால் ஒட்டிய ஒரு சதுரம்தான் இருந்தது. கையில் சூடான பால் பாத்திரம். ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வந்து, இல்லாத டைனிங் டேபிளைச் சுற்றிக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.

அருள்ஜோசப் ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். அங்கே புது மெஷின் வருவதற்கு முன்னால் தரையில் டேப் ஒட்டி, ஆட்களை நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் கஸ்டமர் வந்து அப்ரூவல் கொடுத்தால்தான் வேலை தொடங்கும். சொந்த வீடு வாங்கி, கப்போர்டு, கிச்சன் என்று இன்டீரியர் வேலைக்குத் திட்டம் போட்டதும், அதே முறையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டான். அதில் தப்பொன்றும் இல்லை. கஸ்டமராக மாமியாரை நியமித்தான் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது.

மாமியார் ஜெபசீலி கெலமங்கலத்தில் தனியாக இருந்தார். மழை நாளில் வாசலில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டது. அன்றிலிருந்து போன் அடித்தாலே டெல்சி போட்டதைப் போட்டபடி ஓடுவாள். எங்களோடு வந்து இரு என்று அழுது கேட்டதில் ஜெபசீலி ஒருவழியாக ஒத்துக்கொண்டார்.

"வீட்டு வேலை முடியட்டும். முடிஞ்ச மறுநாளே பெட்டியோட வந்துட்றன்."

கிறிஸ்துமஸுக்குள் அம்மா இங்கே வந்துவிட வேண்டும் என்பதுதான் டெல்சியின் ஒரே ஜெபம். அருள்ஜோசப்புக்கும் அதே தவிப்பு. தாயில்லாமல் வளர்ந்தவன், அத்தை மேல் அவனுக்குக் கொள்ளைப் பிரியம். அவர் இருக்கப்போகிற வீட்டில் அவருக்குப் பிடிக்காமல் ஒரு ஆணிகூட இறங்கக் கூடாது என்று சட்டம் போட்டான். தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் வீடியோ காலில் டேப்பைக் காட்டுவான்.

முதலில் அடுப்பு ஜன்னலோரம் இருந்தது. காற்றடித்தால் அணைந்துவிடுமே மாப்பிள்ளை என்றார் ஜெபசீலி. நியாயம்தான். அடுப்பை எதிர்ச்சுவருக்கு மாற்றினான். அங்கிருந்த சிங்க் ஃப்ரிட்ஜ் இடத்துக்கு வந்தது, ஃப்ரிட்ஜ் ஹாலுக்கு வந்தது, டைனிங் டேபிள் போக்கிடம் இல்லாமல் படுக்கையறைக் கதவை அடைத்துக்கொண்டு நின்றது.

மறுநாள், ஹாலில் ஃப்ரிட்ஜ் வைத்தால் வருகிறவன் போகிறவனெல்லாம் திறந்து பார்ப்பான் என்றார். அதையும் மாற்றினான். அதற்கடுத்து, அடுப்பு தென்கிழக்கு மூலையில் இருந்தால்தான் குடும்பம் விளங்கும் என்றார்.

"நம்ம சர்ச்சுல எப்ப இருந்துங்க வாஸ்து?" என்று கேட்டாள் டெல்சி.

"கஸ்டமர்கிட்ட காரணம் கேக்கக் கூடாது" என்றான் அவன்.

மஞ்சள் டேப் தீர்ந்துபோய் பச்சை வந்தது. பச்சையும் தீர்ந்து சிவப்பு வந்தது. தொழிற்சாலையில் சிவப்புக் கட்டம் என்றால் கழித்துப் போட்ட சாமான் வைக்கும் இடம். பழக்கதோஷத்தில் அதற்குள் கால் வைக்க அவனால் முடியவில்லை. சிவப்பு ஒட்டியிருந்ததோ படுக்கையறை வாசலில். ஹாலிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டான். பிய்த்த டேப்பின் பசை தரையெங்கும் அப்பிக் கிடந்தது. வீட்டை ஜெபித்துக் கொடுக்க வந்த போதகர், ஒரு காலுறையை ஹாலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

ஆசாரி கங்கப்பன் பேரிகை என்ற ஊரிலிருந்து வருகிறவர். சமையலறைக்கு அளவெடுத்துப் பலகை அறுத்து முடித்த அன்று சாயங்காலம்தான், பரண் இவ்வளவு உயரத்தில் இருந்தால் கை எட்டாது என்று ஜெபசீலி சொன்னார். கங்கப்பனுக்குக் கோபம் வந்தால் கன்னடம் வரும். அன்றைக்குக் கன்னடம் போதாமல் தெலுங்கும் வந்தது. இவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று கடைசியாகத் தமிழுக்குத் திரும்பினார்.

"மொதல்ல வூட்டுல ஒரு முடிவுக்கு வாங்க சார். அப்பறமா என்னக் கூப்புடுங்க."

அறுப்பு மெஷினை மொபெட்டில் கட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். டெல்சி அத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் அப்போது வெடித்தது.

"எங்கம்மா மறுபடி வழுக்கி விழுந்தா, உங்க டேப்பு போயி தூக்குமா?"

அருள்ஜோசப்புக்குச் சுருக்கென்றது. பசை ஒட்டிய செருப்போடு ஹாலில் அங்குமிங்கும் நடந்தான். நடக்க நடக்கத்தான் தெளிவு பிறந்தது. குறை அத்தையிடம் இல்லை. போனில் பார்த்தால் யாருக்குத்தான் விளங்கும்? அத்தையின் ஆசைகள் அத்தனையையும் சேர்த்துப் பெரிய தாளில் படம் போட்டான். கீழே கையெழுத்துக்கு ஒரு கட்டமும் போட்டான். அரைநாள் லீவு சொல்லிவிட்டு, யூனிஃபார்மோடு, சுருட்டிய படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கெலமங்கலத்துக்கு பஸ் ஏறினான்.

அத்தை வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு அம்மாள் அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். அவன் பார்த்திராத முகம். கொஞ்ச நாளுக்கு முன்புதான் குடிவந்ததாகவும், பெயர் வெள்ளையம்மா என்றும் அவரே சொன்னார். ஜெபசீலி பாட்டுக் குழுவோடு கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகப் போயிருக்கிறாராம். அது முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து ஓட்டலில் பரோட்டா தின்றுவிட்டு, சந்தையையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் திரும்புவார்களாம்.

வெள்ளையம்மா அவனுடைய யூனிஃபார்மையும் கக்கத்துச் சுருளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓசூர்ல அவ மக வூட்டு வேலை பாக்கறது நீதானா?"

அருள்ஜோசப் யோசித்தான். ஒருவகையில் உண்மைதானே. தலையாட்டினான்.

அந்த அம்மாள் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, தெருவை ஒருமுறை பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நல்ல வேளை, நேர்லயே வந்த தம்பி. வேலை முடிஞ்சா மருமவன் கையோட கூட்டிக்கினு போயிருவானாமே, அதுக்குப் பயந்து தெனம் ஒரு குத்தம் கண்டுபுடிச்சி அவளுக்கும் எனக்கும் மண்டை காயுது. இன்னிக்கு சாயந்தரத்துக்கு ஒண்ணுமே தோணல, நீயே ஒரு நல்ல குத்தமா சொல்லிக் குடுத்துட்டுப் போ."