முந்நூற்றுப் பத்தாவது அடியில் போன முடி

அப்பா தோட்டத்தில் போர் போடும்போது தண்ணீர் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட பிள்ளை, நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் இருந்தவரை இதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்தோரு வயது. கல்லூரியில் என் பக்கத்தில் உட்காரும் சலீம், சேலத்து ஜவுளிக்கடைக்காரர் மகன். அவனுடைய மாமா வெளிநாட்டிலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்தார். அட்டையில் நாலு ஆண்கள். இடுப்புவரை முடி, உதட்டில் சாயம், கண்ணில் மை, காலோடு ஒட்டிய பளபள பேண்ட். (எங்கள் ஊரில் கல்யாணப் பெண்ணுக்கே அவ்வளவு அலங்காரம் கிடையாது.) பாட்டு, தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்வது மாதிரி இருந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் கேட்டு முடித்தபோது, நான் பிறந்ததே இதற்குத்தான் என்று முடிவாகிவிட்டது.

சலீம் கிடார். லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர் மகன் துரைசாமி டிரம்ஸ். நான் பாட்டு. குழுவின் பெயர் ‘எரிமலை’. லாரி சீட் தைக்கும் டெய்லரிடம் கெஞ்சி, சிவப்பு ரெக்ஸினில் மூன்று பேண்ட் தைத்துக்கொண்டோம். நின்றால் வேகும், உட்கார்ந்தால் கிழியும். சேலத்தில் ஒரு ரெக்கார்டிங் கடையில் ஆறு தமிழ்ப் பாட்டுகளைப் பதிவு செய்தோம். முதல் ஆல்பம் தயார். அட்டைப் படம்தான் பாக்கி. அதற்காக மூன்று பேரும் எட்டு மாதமாக முடி வளர்த்துக்கொண்டிருந்தோம்.

“ஏஞ்சாமி, பொம்பளப் புள்ளைக்குக்கூட இத்தன முடி இல்லியே, எதுக்கு இது?” என்று அம்மா சோறு போடும்போதெல்லாம் கேட்டாள். அப்பா கேட்கவில்லை. ஒருநாள் கத்தரிக்கோலோடு வந்து நின்றார். உயிர் பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

“வேண்டுதலுங்கப்பா. நம்ம தோட்டத்துப் போர்ல தண்ணி வந்தா, குலசாமிக்கு முடியெறக்கறேன்னு வேண்டியிருக்கறேன்.”

அப்பா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

நான் யோசிக்காமல் சொன்னாலும் பொய் உறுதியான பொய். ஏற்கெனவே இரண்டு போர் போட்டு, இரண்டிலும் புழுதிதான் வந்தது. மூன்றாவது போட அப்பாவுக்குத் தெம்பு கிடையாது. தண்ணீரும் வராது, முடியும் போகாது. (அன்று ராத்திரி என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.)

மறுவாரம் வியாழக்கிழமை, தோட்டத்தில் போர் போடும் ரிக் வண்டி வந்து நின்றது.

“சின்னப் பையன் சாமிய நம்பி முடி வளத்தறான். நான் பயந்துக்கிட்டு உக்காந்திருந்தா நல்லாருக்குமா?” என்றார் அப்பா. “இதுலயும் இல்லீன்னா தோட்டத்தக் குடுத்துப்போட்டு எங்கியாச்சும் லாரிக்குக் கிளீனராப் போறேன்.”

ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் போட்டோ. ‘சாமி, தண்ணி வேண்டாம். வந்துதான் ஆகணும்னா திங்கட்கிழமை வரட்டும்’ என்று வேண்டிக்கொண்டு, ரிக்குக்குப் பக்கத்தில் நின்றேன். நூறடி, புழுதி. இருநூறு, புழுதி. என் முடியெல்லாம் வெள்ளையாகிவிட்டது. முந்நூறு அடியில் ரிக் ஓட்டுபவர் மெஷினை நிறுத்தி, “இன்னொரு பத்தடி பாக்கலாங்களா?” என்றார்.

அப்பா தலையை ஆட்டினார். தட்டில் அணைந்துபோன கற்பூரத்தை மறுபடி ஏற்றி, துளைக்கு நேராகப் பிடித்தார். அதைப் பார்த்ததும் எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்துவிட்டது. ‘முடி கெடக்குது, வரட்டும் சாமி’ என்றேன், இந்தத் தடவை மனசார.

முந்நூற்றுப் பத்தாவது அடியில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு கிளம்பியது. அப்பா சேறும் சகதியுமாக ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, “உன்ற வேண்டுதல்தாஞ்சாமி!” என்று அழுதார். நானும் அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். பாதி அதுதான்.

வெள்ளிக்கிழமை மொட்டை. ஞாயிற்றுக்கிழமை தலையில் சந்தனமும் துண்டுமாகச் சேலம் ஸ்டுடியோவுக்குப் போனேன். துண்டை எடுத்ததும் துரைசாமி சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“முடியோட நாங்க ரெண்டு பேரு, நடுவுல மொட்டையா நீ. திருடனப் புடிச்சுக் குடுத்தவங்க படம்னு நெனப்பாங்கடா” என்றான் சலீம். நான் ரெக்ஸின் பேண்ட் இருந்த பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். “இருடா” என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரும் எதிர் சலூனுக்குப் போனார்கள். அரைமணி நேரத்தில் மூன்று மொட்டைகள் ஆகிவிட்டோம். சிவப்பு ரெக்ஸின் பேண்ட், கண்ணில் மை, தலையில் சந்தனம். அதுதான் எங்கள் அட்டைப் படம். அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்கப்புறம் நான் சிரித்ததில்லை.

நாமக்கல் கடைக்காரர் அட்டையைப் பார்த்துவிட்டு, கேசட்டைப் பக்திப் பாடல்களோடு அடுக்கிவிட்டார். கொஞ்சம் விற்றது. “காலங்காத்தால போட்டனுங்க, ஊட்டுல கொழந்தையெல்லாம் வீல்னு கத்துது” என்று ஒருவர் திருப்பிக் கொடுத்தாராம். அப்பா மட்டும், புது மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து கேசட்டின் இரண்டு பக்கமும் கேட்டார். கடைசியில், “நம்ம ரிக்குச் சத்தம் மாதிரியே இருக்குதுடா. நல்லாருக்குது” என்றார். எங்கள் ஆல்பத்துக்கு வந்த ஒரே விமர்சனம் அது. இன்றுவரை அதற்குமேல் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது ஆல்பம் வரவில்லை. ஆனால் மொட்டை நிற்கவில்லை. ‘அவன் வேண்டுனாத் தண்ணி வரும்’ என்று பங்காளி, சம்பந்தி எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. சொந்தத்தில் யார் போர் போட்டாலும் ஆறு மாதத்துக்கு முன்பே எனக்குச் சொல்லி, முடி வளர்க்க வைப்பார்கள். இப்படிப் பதினொரு மொட்டை. பிறகு முடி தானாகவே போய்விட்டது. தப்பித்தேன் என்றிருந்தேன்.

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். “மாமா, பொதங்கெழமை போர் போடறமுங்க. வேண்டிக்கங்க.”

“வேண்டறதுக்குத் தலைல என்னடா இருக்குது?”

“மீசை இருக்குதுங்களே மாமா.”

வேண்டிக்கொண்டேன். ரெண்டு இஞ்ச் குழாய் நிறையத் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டில் பேரன் என்னைப் பார்த்து, “அம்மா, இது யாரு?” என்கிறான்.