தேசவிரோத ஹார்மோன்

கொண்டைநாட்டில் கோழிகள் குடிமக்கள், சேவல்கள் அதிகாரிகள். அங்கே முட்டைத்துறை அமைச்சராக இருந்த கொண்டையப்பர் ஒருநாள் இரவை ரத்து செய்தார். வெளிச்சம் மண்டைக்குள் இறங்கினால் ஹார்மோன் சுரக்கும், ஹார்மோன் சுரந்தால் முட்டை வரும். ஆகவே இனி விளக்கு அணையக் கூடாது என்றார்.

வெள்ளைக் கோழிகள் ஓயாமல் இட்டன. முட்டைகள் கீரி நாட்டுக்கு ஏற்றுமதியாயின. எலும்பிலிருந்த சுண்ணாம்பெல்லாம் முட்டையோட்டுக்கே போய்விட, கோழிகளுக்குக் கால் ஒடிந்தது. நொண்டி நடப்பது ஒழுங்கீனம் என்று அடுத்த ஆணை வந்தது.

நாட்டுக்கோழி செம்பி மட்டும் திடீரென்று முட்டையிடுவதை நிறுத்தினாள். அவள் இனத்துக்கு அப்படியொரு சமயம் வரும். வேறொரு ஹார்மோன் தலைதூக்கி, வயிறு கதகதத்து, முட்டையின் மேல் உட்காரச் சொல்லும். உட்கார்ந்துவிட்டாள்.

அதைத் தேசவிரோத ஹார்மோன் என்று அறிவித்த அமைச்சர், அவளைக் குளிர்ந்த நீரில் முக்கச் சொன்னார். முக்கினார்கள். நடுங்கிக்கொண்டே திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். மறுபடி முக்கினார்கள், மறுபடி வந்தாள். காவலர்களுக்குத்தான் அலுத்துப்போயிற்று.

பக்கத்தில் இருந்த வெள்ளாயி இதையெல்லாம் பார்த்தாள். அடைகாக்கும் ஆசையை அவள் வம்சத்திலிருந்து எப்போதோ கழித்துக்கட்டியிருந்தார்கள். குஞ்சு எப்படியிருக்கும் என்றுகூட அறியாதவள். காவலர் அசந்த நேரம் தன் முட்டையை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, எனக்கு உக்காரத் தெரியாது. இதையும் சேத்து வச்சுக்கிறியா?"

"இப்படித் தள்ளிவிடு," என்று சிறகைத் தூக்கினாள் செம்பி.

அன்றே மற்ற வெள்ளைக் கோழிகளும் வந்தன. சிறகுக்குள் அடங்கும் மட்டும் வாங்கிக்கொண்டாள். இருபத்தொரு நாள் இரை தேடக்கூட எழாமல் கிடந்து, எலும்பும் தோலுமானாள்.

குஞ்சுகளின் சத்தம் கேட்டு அமைச்சர் படையோடு வந்தார். தேசவிரோதியின் குஞ்சு எது என்று பிரித்துக் காட்டச் சொன்னார்.

வெள்ளாயி நொண்டிக்கொண்டு முன்னால் வந்தாள். "எல்லாம் எங்க பிள்ளைங்கதான்," என்றாள். அவள் பின்னால் வெள்ளைக் கோழிகள் அத்தனையும் வந்து நின்றன.

அமைச்சர் கூட்டத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"இக்குஞ்சுகள் யாவும் நமது ஒளித் திட்டத்தின் மகத்தான சாதனை."

உடனே பாராட்டு விழாவுக்கு ஏற்பாடாயிற்று. தமக்குத் தாமே மாலை போட்டுக்கொண்டு அமைச்சர் மேடையேறியபோது எதிரே ஒரு கோழியும் இல்லை. எல்லாரும் செம்பியைச் சுற்றி நின்றார்கள், ஒவ்வொருத்தியின் அலகிலும் ஒரு சோள மணியோடு.