மூச்சு வாங்காத ஓட்டம்

இதை முதலில் எனக்குச் சொன்னது ஜெசிந்தாதான். போன ஈஸ்டருக்கு முந்தின தபசுக் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதைச் செபம் முடிந்து நாங்கள் இரண்டு பேரும் கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்தோம். புருஷன் மனசுக்குள் நினைத்ததெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். இத்தனை வருஷமாக அந்த மனசுக்கும் சேர்த்துத்தான் சோறு போடுகிறாள்.

ஜெசிந்தாவின் புருஷன், எங்கள் அனுமந்தன்பட்டி எட்வினுக்கு உத்தமபாளையத்தில் ஆபீஸ் வேலை. தங்கமான மனுஷர். ஒரே குறை, சாயங்காலச் செபமாலை என்றால் ஆளைக் காணோம். பிள்ளைகள் இருந்தவரை அது தெரியவில்லை. மகள் சென்னைக்கும் மகன் பெங்களூருக்கும் போனபின், ஜெசிந்தா சொல்லும் முன்பாதி மந்திரத்துக்குப் பின்பாதி சொல்ல வீட்டில் ஆளில்லை. இரண்டையும் அவளே சொன்னாள். பின்பாதியைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொல்வாளாம், வேறு யாரோ சொல்கிற மாதிரி இருக்கட்டும் என்று.

ஒருநாள் அவள் துணிந்து கேட்டுவிட்டாள். "நாளையிலருந்து நீங்க வந்து பக்கத்துல உக்காரணும்."

எட்வின் அன்றைக்கு எப்படியோ நழுவினார். மறுநாளே ஒரு மாபெரும் முடிவோடு வந்தார்.

"ஜெசி, போட்டிக்குப் பேர் குடுத்துட்டேன். கடல்ல நீந்தி, சைக்கிள் மிதிச்சு, அப்புறம் ஓடி, எல்லாம் ஒரே நாள்ல முடிக்கணும்."

"எதுக்குங்க? யாரு தொரத்துறாக?"

"சுகருக்கு நல்லது. டாக்டர் சொன்னாருல்ல."

"டாக்டரு நடக்கச் சொன்னாக. கடலுக்குள்ள போகச் சொல்லல."

"பயிற்சி தினமும் சாயங்காலம், வெளக்கு வைக்கிற நேரம்."

செபமாலை நேரமும் அதுதான். ஜெசிந்தா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "நல்லதுங்க. போயிட்டு வாங்க."

முதல் வாரப் பயிற்சி இப்படி நடந்தது. கையில், போட்டிக்குப் பயிற்சி தரும் கோச் கட்டச் சொன்ன வாச்சு. வாய்க்கால் பாலம் வரை சைக்கிள். பாலத்துப் பக்கம் ராஜமணியின் பஜ்ஜிக் கடை. திரும்பும்போது பாட்டில் தண்ணீரைத் தலையிலும் சட்டையிலும் தெளித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

"உங்க வேர்வையில என்னங்க வாழைக்கா வாசம் அடிக்குது?"

"ஜெசி, இதெல்லாம் நுட்பம். ரொம்ப தூரத்துக்குத் தயாராகுறவன் வேகமா ஓடக் கூடாதுன்னு கோச் சொல்லிருக்காரு. மூச்சு வாங்காம, பேசிக்கிட்டே ஓடணும். அலுப்புக் கம்மி, பலன் ஜாஸ்தி."

"பேசிக்கிட்டேவா?"

"ஆமா. வார்த்தை திக்குச்சுன்னா வேகம் கூடிப்போச்சுன்னு அர்த்தம்."

"தனியா ஓடுறவக யாருகூடப் பேசுறது?"

இந்த இடத்தில் எட்வின் வாயை மூடியிருக்கலாம். "அதான் கஷ்டமா இருக்கு," என்று பெருமூச்சு விட்டார்.

மறுநாள் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால், ஜெசிந்தா ஸ்கூட்டியில் உட்கார்ந்திருக்கிறாள். மணிக்கட்டில் செபமாலை சுற்றியிருக்கிறது.

"முன்பாதியச் சொல்லிக்கிட்டு நான் கூடவே வாரேன். பின்பாதியச் சொல்லிக்கிட்டு நீங்க ஓடுங்க. திக்குச்சுன்னா மெதுவாப் போவோம். திக்கலைன்னா இன்னும் கொஞ்ச தூரம் போவோம்."

ஓடினார். திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய வாய்க்கால் கரை. "எங்கள் இறப்பின் வேளையிலும்" என்று பின்பாதியில் வரும்போதெல்லாம் அவர் குரலில் அப்படியொரு உருக்கம். பந்தலுக்கடியில் பழம் பறித்துக்கொண்டிருந்த சங்கிலியம்மாள் பதறி வெளியே வந்தாள். "ஏத்தா, அண்ணனுக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல மதினி. போட்டிக்குப் போறாக."

பஜ்ஜிக் கடை வந்தது. ராஜமணி தட்டை எடுத்தார். ஸ்கூட்டி நிற்கவில்லை. ராஜமணி தட்டை வைத்துவிட்டார்.

அடுத்த நாள், "இன்னைக்கு நீச்சல்," என்றார் எட்வின். தண்ணீருக்குள் யார் செபம் சொல்ல முடியும்? ஜெசிந்தா ஆற்றங்கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"முகம் தண்ணிக்குள்ள இருக்கப்ப நான் சொல்றேன். மூச்சுக்குத் தலையத் திருப்புவீகல்ல, அப்ப நீங்க சொல்லுங்க."

"அப்ப மூச்சு எப்ப விடுறது?"

"அதுக்குத்தானே உங்க கோச்சு மெதுவாப் போகச் சொன்னாக."

கடைசியாக, மதுரையிலிருக்கும் கோச் ஈஸ்வரபாண்டிக்குப் போன் போட்டார். ஜெசிந்தாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டுவிட்டார், பாவம்.

"தம்பி, வீட்டுல கூடவே வந்து செபம் சொல்லச் சொல்றாக. பயிற்சி கெட்டுப் போகாதா?"

"அதுதானா சார் விஷயம்? இங்க என் போன்ல எல்லாம் தெரியுது, போன வாரம் பூராம் உங்க வாச்சு ஒரே இடத்துல உக்காந்திருந்துச்சு. இந்த வாரம் நாடித்துடிப்பு கோடு போட்ட மாதிரி போகுது. மெதுவா ஓடுங்கன்னு எல்லார்கிட்டயும் கரடியாக் கத்துறேன், ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறாங்க. போனை அக்காகிட்டக் குடுங்க."

குடுத்தார்.

"அக்கா, போட்டி நெருங்குது, தூரத்தக் கூட்டணும். இந்தச் செபத்துல இதவிடப் பெருசு இருக்கா?"

"இருக்கு தம்பி. இப்பச் சொல்றது அஞ்சு தேவரகசியம், ஒண்ணொண்ணுக்கும் பத்து மந்திரம். மொத்தம் இருபது இருக்கு. அதுக்கப்புறம் மாதா பிரார்த்தனை. புனிதர்கள் பிரார்த்தனை தனி."

"எல்லாத்தையும் போடுங்கக்கா," என்றார் கோச்.

எட்வின் ஷூவைக் கழற்றப் போனவர், அப்படியே நாடாவை மறுபடி கட்டிக்கொண்டார்.

இப்போதும் தினமும் போகிறார்கள். ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டே மணி உருட்ட முடியாதல்லவா, எண்ணிக்கையை ஜெசிந்தா மனசில்தான் வைத்திருக்கிறாள். நடுவில் தவறினால் முதலிலிருந்து சொல்லச் சொல்கிறாளாம். அதனால், சாயங்காலம் எங்கள் வாய்க்கால் கரைப் பக்கம் வண்டியில் வந்தீர்கள் என்றால், தயவுசெய்து ஹாரன் மட்டும் அடிக்காதீர்கள்.