வினாயகமூர்த்தியின் யந்திரம்

கோப்ரல் திலகரத்ன அந்த வெள்ளைத் தகட்டை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது, விழுந்தால் ஏந்திக்கொள்ள வினாயகமூர்த்தி கையை நீட்டினார்.

உள்ளங்கைக்குள் அடங்கும் மெல்லிய தகடு. பார்த்தால் பீங்கான் போல இருக்கும். அதன் மேல் வெள்ளி நிறக் கோடுகள் வளைந்து வளைந்து, ஒன்றையொன்று தொடாமல் ஓடின. கோடுகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கறுப்புக் கட்டங்கள். சைக்கிள் கரியரில் கட்டியிருந்த பிஸ்கட் டின்னுக்குள் இதேபோல இன்னும் சில, பஞ்சில் பொதிந்து கிடந்தன.

"ஐயா, இது என்ன?"

கோப்ரலுக்குத் தமிழ் கொஞ்சம் வரும். சிலாபம் பக்கத்து ஆள். தமிழ் வருவதனாலேயே அவரிடம் பொய் சொல்வது கஷ்டம்.

தன்னாமுனையிலிருந்து மட்டக்களப்புப் பட்டினத்துக்குப் போகிற எவரும் அந்த ஆமிச் சோதனைச் சென்றியில் இறங்கித்தான் போகவேண்டும். கரண்ட் சாமான் என்று வாயைத் திறந்தால் போச்சு, குண்டுக்கா என்று கேட்பார்கள். போன கிழமை டோர்ச் பட்டரியோடு வந்த ஒருவரைப் பொழுதுபடும் மட்டும் வேப்பமரத்தின் கீழ் இருத்தி வைத்திருந்தார்கள். பட்டரி எதற்கு என்று அவர் விளக்க விளக்க, அந்தப் பட்டரி பெரிதாகிக்கொண்டே போனது.

தன்னாமுனையில் குடியிருக்கும் வினாயகமூர்த்தி பட்டினத்தில் றேடியோ திருத்தும் கடை வைத்திருக்கிறவர். அதற்கு முதல் சிங்கப்பூரில் ஒரு கம்பனியில் இந்தத் தகடுகளைத்தான் செய்தார். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் சீலையும் சென்ற் போத்தலும் கொண்டுவந்தார்கள். அவர் ஒரு பெட்டி வெறுந்தகடும் இரண்டு டின் பசையும் கொண்டுவந்தார். பெண்சாதி சீதேவி அதை இன்னும் மன்னிக்கவில்லை.

அந்தப் பெட்டிக்கு இப்போதுதான் வேலை வந்திருந்தது. ஏறாவூர் ஹலீம் முதலாளியின் ஐஸ் பக்டரியில், மெசினை எப்போது ஓட்டுவது எப்போது நிறுத்துவது என்று பார்க்கிற பெட்டிக்குள் இருந்த தகடு வெடித்துவிட்டது. கொழும்பில் அது இல்லை. வெளிநாட்டிலிருந்து எடுக்க அனுமதியும் இல்லை. ஐஸ் இல்லாமல் வாவி மீன் கரையிலேயே நாறியது. "நான் செய்து தாறன்" என்று வினாயகமூர்த்தி நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டார்.

செய்வதும் லேசான காரியமில்லை. பட்டுத்துணி இழுத்துக் கட்டிய சட்டத்தைத் தகட்டின் மேல் வைத்து, பசையை றப்பரால் வழித்துக் கோடு பதிக்க வேண்டும். காயவிட்டுச் செந்தணலாய் எரிகிற உலையில் சுட வேண்டும். பசைக்குள் இருக்கும் கண்ணாடித் தூள் உருகித் தகட்டைப் பிடித்துக்கொள்ளும். கறுப்புக் கட்டம் எவ்வளவு கரண்டை மறிக்கும் என்பது சூட்டின் கையில் இருக்கிறது. அந்தச் சூட்டுக்குப் பட்டினத்தில் ஒரு தட்டாரின் நகை உலைதான் இருந்தது. பத்தில் ஒன்பது பிழையாகிப்போகும்.

இவ்வளவையும் சென்றியில் நின்று சொல்ல முடியுமா? மெசினில் பூட்டுகிற சாமான் என்று சொன்னால் போதும் என்று நினைத்தார். மெசினுக்குச் சிங்களத்தில் என்ன சொல்வார்கள் என்று தேடிப் பிடித்தார்.

"யந்திரம், மாத்தயா. யந்திரய."

கோப்ரலின் கை அப்படியே நின்றது. தகட்டை மெல்ல இறக்கி, இரண்டு கையாலும் ஏந்தி, டின்னுக்குள் பஞ்சின் மேல் வைத்தார்.

"மட்டக்களப்பு யந்திரமா?"

அப்போதுதான் வினாயகமூர்த்திக்கு விளங்கியது. யந்திரம் என்றால் மெசின் மட்டுமா? மந்திரவாதி எழுதிக் கட்டுகிற தகடும் யந்திரம்தானே. இரண்டு பாஷையிலும் அதற்கு அதே பேர்தான்.

"எங்கட அம்மா சொல்லி அனுப்பின," கோப்ரல் குரலைத் தாழ்த்தினார். "மட்டக்களப்பு போனா ஆர்ட வீட்டுப் பாயிலயும் குந்த வேணாம், மந்திரத்தால பாயோட ஒட்ட வச்சிருவாங்க எண்டு. ஐயா அந்த வேலயா?"

இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். வினாயகமூர்த்தி வானத்தைப் பார்த்துத் தலையை ஒரு மாதிரி ஆட்டினார். அது ஓமா இல்லையா என்று அவருக்கே தெரியாது.

"எனக்கு ஒண்டு வேணும். ஊர்ப் பக்கம் ஒரு பிள்ள. நாலு காயிதம் போட்டாச்சு. பதில் இல்ல."

"இது இன்னும் சுடல்ல மாத்தயா. சுட்டாத்தான் பலன்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

பின்னேரம் திரும்பி வரும்போது, சூடு பிழையாகிப் பழுதான தகடு ஒன்றைக் கோப்ரலிடம் கொடுத்தார். கோப்ரல் தொப்பியைக் கழற்றி வாங்கினார். சைக்கிளைச் சோதிக்கவே இல்லை.

சீதேவி கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்தாள்.

"இஞ்சேருங்க, அந்தப் பிள்ள அவனுக்கு மாட்டன் எண்டு சொன்னா என்ன செய்யிற? துவக்கோட வந்து கேக்க மாட்டானா?"

"அது வெறும் தகடு சீதேவி."

"அத அவனிட்டச் சொல்லுங்க. என்னிட்டச் சொல்லி என்ன?"

அடுத்த நாள் காலையில் சென்றியில் நான்கு சிப்பாய்கள் காத்து நின்றார்கள். ஒருவருக்கு லீவு வேண்டும். ஒருவருடைய தகப்பனுக்குக் காணி வழக்கு. ஒருவருக்குச் சீட்டில் தொடர்ந்து தோல்வி. நான்காமவருக்கு எதுவும் தேவையில்லை, மற்றவர்கள் வாங்குவதால் அவருக்கும் வேண்டும். பின்னால் பஸ்சிலிருந்து இறங்கிய சனம் வெயிலில் நின்றது.

பழுதான தகடுகள் தீர்ந்தன. அதற்கடுத்த நாள் ஆட்கள் கூடினார்கள். வினாயகமூர்த்தி ஒரு உபாயம் செய்தார்.

"இனி வெள்ளிக்கிழமைதான் மாத்தயா. மற்ற நாளில குடுக்க ஒண்ணா."

வெள்ளிக்கிழமை போனபோது சென்றியில் தேங்காய், கற்பூரம், எலுமிச்சங்காய், வெற்றிலை எல்லாம் வாங்கிலில் அடுக்கி வைத்திருந்தார்கள். மணல் மூட்டைக்குப் பின்னால் ஒரு குத்துவிளக்கும் எரிந்தது. சனம் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் விளங்காமல் கும்பிட்டுவிட்டுப் போனது.

இது சரிவராது என்று வினாயகமூர்த்தி அடுத்த உபாயத்துக்குப் போனார். ஆசை குறைய வேண்டுமென்றால் விரதத்தைக் கூட்ட வேண்டும்.

"தகடு வச்சிருக்கிறவங்க மச்சம் மாமிசம் தொடக் கூடா. சாராயம் கூடா. சத்தம் போட்டு ஆரையும் ஏசக் கூடா. இல்லாட்டித் தகடு திருப்பி அடிக்கும்."

இதைக் கேட்டால் பாதிப் பேராவது திருப்பித் தந்துவிடுவார்கள் என்று நினைத்தார். ஒருவரும் தரவில்லை. அன்றிலிருந்து அந்தச் சென்றியில் சிப்பாய்கள் "அம்மா, பேக்கத் திறங்க" என்று மெல்லிய குரலில் பேசினார்கள். தன்னாமுனைச் சனம் இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று முன்னிலும் கூடப் பயந்தது.

இதற்கிடையில் ஹலீம் முதலாளி ஆள் அனுப்பி, அலுத்து, தானே வந்துவிட்டார்.

"தம்பி, ஊரெல்லாம் உங்களப் பெரிய மந்திரவாதி எண்டு கதைக்கிற. எனக்கொரு உதவி செய்யுங்க. தண்ணி ஐஸாகிறத்துக்கு ஒண்டு ஓதி விடுங்களன்."

"ஹலீம் காக்கா, ரெண்டு நாள் தாங்க."

"நான் தருவன். மீன் தராது."

உலையில் பழுதானதும் சிப்பாய்களுக்குக் கொடுத்ததும் போக, பெட்டியில் கடைசியாக ஒரு வெறுந்தகடு மிஞ்சியிருந்தது. வினாயகமூர்த்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு பதித்தார். தட்டாரின் உலைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, மெல்ல மெல்லச் சூடேற்றி, மெல்ல மெல்ல ஆறவிட்டார். கடைக்குக் கொண்டுபோய் மீற்றரில் வைத்துப் பார்த்தார். முள் வேண்டிய இடத்தில் வந்து நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சிங்கப்பூரில்கூட இவ்வளவு நல்ல தகடு அவர் கையால் வந்ததில்லை.

அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீடு திரும்பும்போது கோப்ரல் மறித்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"கப்டன் கூப்பிடுற."

கப்டன் மேசைக்குப் பின்னால் இருந்தார். வினாயகமூர்த்தி நின்றார். கப்டன் சிங்களத்தில் நீளமாகப் பேசினார். கோப்ரல் சுருக்கிச் சொன்னார்.

"நம்மட ஆக்கள் ஒரு கிழமையா பருப்பும் கீரையும் தின்னுறாங்களாம். சமையல்காரன் அழுறானாம். ஆர் இதச் செஞ்ச எண்டு கேக்குற."

"நான் சும்மா ஒரு..."

கப்டன் கையை உயர்த்தினார். கோப்ரலை வெளியே போகச் சொன்னார். கதவு சாத்தப்பட்டது. வினாயகமூர்த்தி மாமாங்கேஸ்வரரை நினைத்துக்கொண்டார்.

கப்டன் எழுந்து சுவரிலிருந்த இலங்கைப் படத்துக்குப் பக்கத்தில் போனார். தன் நெஞ்சைத் தொட்டார். மட்டக்களப்பில் விரலை வைத்தார். அந்த விரலை மெல்ல நகர்த்தி, காடு மலையெல்லாம் தாண்டி, கொழும்பில் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு வினாயகமூர்த்தியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

வினாயகமூர்த்தி இல்லை என்று கையை விரித்தார். கப்டனுடைய கண் சட்டைப்பையில் நின்றது. வேறு வழியில்லை. கப்டன் அந்தத் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வெரி குட்" என்று மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

வெறுந்தகடும் இல்லை, செய்த தகடும் இல்லை. வினாயகமூர்த்தி குசினிக்குள் நுழைந்து, சீதேவியின் கலியாணப் பீங்கான் ஒன்றின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார்.

"அதத் தொட்டா நான் குருக்கள்மடத்துக்குப் போயிருவன்," என்றாள் சீதேவி. அது அவளுடைய தாய் வீடு.

அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துத் தொட்டார். தட்டாரின் உலையில் பீங்கான் துவக்குச் சூடு மாதிரி வெடித்தது. கடைத்தெருவில் சனம் ஓடி ஒளித்தது. ஆமி வந்து தட்டாரின் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டுப் போனது. தட்டார் வினாயகமூர்த்தியின் சைக்கிளைத் தெருவில் கொண்டுவந்து விட்டார்.

"அண்ண, இனி இந்தப் பக்கம் தல வச்சும் படுக்க வேணாம்."

சீதேவி சொன்னபடியே குருக்கள்மடத்துக்குப் போனாள். மூன்றாம் நாள், அவர் சோறு ஆக்கத் தெரியாமல் செத்துப்போவார் என்று திரும்பி வந்தாள். கதைக்கவில்லை.

அந்தக் கிழமையே கப்டனுக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்துவிட்டது. கோப்ரல் திலகரத்னவும் லீவில் ஊருக்குப் போய்விட்டார். வினாயகமூர்த்தி சென்றியைத் தவிர்க்கக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டிலேயே கிடந்தார்.

பிறகு சண்டை நிறுத்தம் என்று றேடியோவில் சொன்னார்கள். சனம் மூச்சு விட்டது. அப்படியொரு காலையில்தான் சீதேவி வாசலில் இருந்து ஓடி வந்தாள். பல நாளைக்குப் பிறகு அவரோடு பேசிய முதல் பேச்சு அது.

"அந்தக் கோப்ரல் வாறான். நான் அண்டைக்கே சொன்னன்."

வினாயகமூர்த்தி கிணற்றடி வாழைகளுக்குள் போய்ப் பதுங்கினார். சீதேவி எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வந்தாள்.

"துவக்கு இல்ல. ஒரு பொம்பிளப் பிள்ள கூட வருது. வெளிய வாங்க."

கோப்ரல் நீளக் காற்சட்டையும் பூப்போட்ட சட்டையும் போட்டிருந்தார். வந்ததும் வராததுமாக வெற்றிலைக் கட்டைக் கொடுத்துக் குனிந்து வினாயகமூர்த்தியின் காலைத் தொட்டார்.

"பிலோமினா, நான் சொன்ன குரு இவர்தான்," என்றார். வினாயகமூர்த்தியிடம் திரும்பிக் காதோடு சொன்னார். "தகடு அனுப்பி ஒரு கிழமையில காயிதம் வந்தது. அடுத்த மாசம் கலியாணம். நல்ல சக்தி ஐயா."

கை கால் கழுவக் கோப்ரல் கிணற்றடிக்குப் போனார்.

சீதேவிக்கு மனம் கேட்கவில்லை. யாரோ பெற்ற பிள்ளை, தன் புருசனுடைய தகட்டால் அறிவு மயங்கி வந்து நிற்கிறதோ என்று அவளுக்குப் பதறியது. பிள்ளையைப் பக்கத்தில் இருத்தினாள்.

"மகள், தமிழ் விளங்குமா?"

"நான் நீர்கொழும்பு அக்கா. எங்க வீட்டில ரெண்டு பாசையும்தான்."

"அப்ப உள்ளதச் சொல்லு. உனக்கு இவர உண்மையில விருப்பமா? தல சுத்துறது, நித்திர இல்லாம இரிக்கிறது, ஆரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி, அப்பிடி ஒண்டும் இல்லையா?"

பிலோமினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தான் கொண்டுவந்த பார்சலை மடியில் வைத்து நூலை அவிழ்த்தாள். மரத்தூளுக்குள் வெள்ளை வெளேரென்று வெறுந்தகடுகள் வரிசையாக நின்றன. வினாயகமூர்த்தி ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"எங்க கம்பனியில ஓரம் கொஞ்சம் உடைஞ்சா இதெல்லாம் ஒதுக்கிருவாங்க, உங்களுக்கு உதவும்னு கேட்டு எடுத்திட்டு வந்தேன்," என்றாள் பிலோமினா. "எத்தனையோ பேர் எனக்குப் பூவும் பவுடரும் அனுப்பினாங்க அக்கா. கட்டுநாயக்கவில நான் நாள் முழுக்க அடிக்கிற இந்தச் சர்க்கிட் தகட்ட, ஒரு குருவிட்டப் போய்ப் படிச்சு, தன்ட கையால அடிச்சுச் சுட்டு அனுப்பினது இவர் மட்டும்தான்."