சுவிஸ் அண்ணைக்கு விழுந்த வாக்குகள்

லண்டனில் வாடகை கட்டிக் குடியிருந்துகொண்டு லண்டனை ஒரு ஊராகவே மதிக்காத மனிதர் இந்த உலகத்தில் ஒரேயொருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் தெருவில், எனக்கு மூன்று வீடு தள்ளி இருந்தார். பெயர் சுவிஸ் அண்ணை.

தாய் தகப்பன் வைத்த பெயர் வேறு இருந்திருக்கும். யார் கேட்டார்கள்? எங்கள் ஆட்கள் முன்பின் தெரியாதவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கூசாமல் கேட்பார்கள், மகளுக்கு ஏன் இன்னும் கலியாணம் ஆகவில்லை என்று கேட்பார்கள், ஆனால் பெயரை மட்டும் கேட்க மாட்டார்கள். ஜேர்மனியில் இருந்துவிட்டு வந்து மூலையில் மளிகைக்கடை போட்டவர் ஜேர்மன் அக்கா. சுவிஸில் இருந்துவிட்டு வந்தவர் சுவிஸ் அண்ணை. அவருடைய மனைவி பாவம், சுவிட்சர்லாந்தைக் கண்ணாலும் கண்டதில்லை, அவரும் சுவிஸ் அக்கா.

கோடையிலும் கழற்றாத ஒரு சாம்பல் நிறக் கோட்டு, மடித்தால் ஊன்றுகோல், விரித்தால் கூடாரம் என்று சொல்லத்தக்க ஒரு சிவப்புக் குடை. இவ்வளவும்தான் ஆள். வாயைத் திறந்தால், "சுவிஸிலை எண்டால்..." என்றுதான் தொடங்குவார். ரயில் நாலு நிமிடம் பிந்தினால் நிலைய யன்னலில் போய் நின்று மன்னிப்புக் கேட்கச் சொல்லுவார். அடுத்தவர் வீட்டுக் குப்பைத் தொட்டியைக் கிண்டி, போத்தலை ஒரு பக்கமும் பேப்பரை ஒரு பக்கமும் பிரித்து வைத்துவிட்டு, அந்த வீட்டுக்காரனை எழுப்பி வகுப்பு எடுப்பார். அந்த வீட்டுக்காரன் நான்தான். மாலை ஷிப்ட் முடித்து வந்து படுக்கிறவனை விடிய எழுப்பி வாழைப்பழத் தோலைக் காட்டினால் யாருக்குத்தான் விசர் வராது?

ஜேர்மன் அக்கா ஒருநாள் கடையில் நாலு பேர் நிற்கும்போது கேட்டே விட்டார்.

"அண்ணை, அவ்வளவு திறமான நாடெண்டால் ஏன் விட்டிட்டு வந்தனீங்கள்?"

சுவிஸ் அண்ணை கருவாட்டுப் பக்கெற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதில் எல்லாருக்கும் தெரியும். பதினொரு வருடம் அந்த நாட்டு உணவகங்களில் கோப்பை கழுவியும் அந்த நாடு அவருக்கு ஒரு பாஸ்போர்ட் கொடுக்கவில்லை. அவர் ஒரு நாளும் மதிக்காத இங்கிலாந்துதான் கொடுத்தது. நன்றி கெட்ட மனுசன் என்று ஜேர்மன் அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினார், நானும் தலையை ஆட்டினேன்.

எங்கள் தெருமுனையில் பெரிய றோட்டு. அங்கே ஒரு வளைவு. வளைவுக்கு அந்தப்பக்கம் பஸ் தரிப்பு, அதைத் தாண்டினால் ஆரம்பப் பாடசாலை. றோட்டைக் கடக்க ஒரு கோடுகூடக் கிடையாது. ஒரு மழை நாளில் ஒரு சின்னப் பெண்பிள்ளையின் சாப்பாட்டுப் பை காருக்குக் கீழே போய் நசுங்கியது. பிள்ளை அரையடி பின்னால் நின்றதால் பிழைத்தாள். ஐயோ ஐயோ என்று கத்திவிட்டு நாங்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டோம். சுவிஸ் அண்ணை போகவில்லை. மறுநாளிலிருந்து பள்ளி தொடங்கும் நேரமும் விடும் நேரமும் அந்தச் சிவப்புக் குடையை விரித்து நடு றோட்டில் நீட்டிக்கொண்டு நின்றார். பஸ்காரன் ஹோர்ன் அடிப்பான். இவர் ஜேர்மன் மொழியில் ஏசுவார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு கடந்து போவார்கள்.

"சுவிஸிலை எண்டால் றோட்டைக் கடக்க வேணுமெண்டு நினைச்சாலே கார் நிக்கும் தம்பி. நல்ல மஞ்சள் கோடு. எனக்கு இந்த இடத்திலை அந்தக் கோடு வேணும்."

கவுன்சிலுக்கு நடையாய் நடந்தார். கவனிக்கிறோம் என்றார்கள். அதையே மூன்று வருடம் சொன்னார்கள். அந்த நேரத்தில்தான், 2009 இலையுதிர்காலத்தில், எங்கள் வட்டாரக் கவுன்சிலர் பதவியை விட்டுப் போக, இடைத்தேர்தல் வந்தது. சுவிஸ் அண்ணை சுயேச்சையாக நின்றார்.

ஊரில் யுத்தமென்று நடந்ததெல்லாம் நடந்து முடிந்து, எங்கள் வீடுகளில் தொலைக்காட்சியைப் போடவே பயந்து கிடந்த வருடம் அது. எவரும் சிரித்து மாதக்கணக்கு. சுவிஸ் அண்ணை நிற்கிறார் என்ற செய்தி வந்ததும் தெருவே சிரித்தது. அந்த ஒரு சேவைக்காகவாவது அவருக்கு ஏதாவது கொடுத்திருக்கலாம்.

வேட்புமனுவுக்கு வட்டாரத்துக்காரர் பத்துப் பேரின் கையெழுத்து வேண்டும். பத்துப் பேரும் சுவிஸ் அக்காவின் மட்டன் ரோல்ஸைக் கடித்த கையோடு, எண்ணெய் படக் கையெழுத்து வைத்தார்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவராவது பார்த்தாரா? எங்கள் ஆட்கள் கையெழுத்து வைக்கிற காகிதத்தை வாசித்தால் அது எழுதினவருக்கு அவமரியாதை.

பிறகு நோட்டீஸ். அதைச் சுவிஸ் அண்ணையே தயாரித்தார். கோட்டும் குடையுமாக ஒரு படம், கீழே பெரிய எழுத்தில், 'உங்கள் வாக்கு சுவிஸ் அண்ணைக்கே'. அவ்வளவுதான். மற்றக் கட்சிக்காரர்கள் வழுவழுப்பான தாளில் பல்லைக் காட்டிக்கொண்டு, குழி மூடுவோம், விளக்குப் போடுவோம் என்று அடித்துவிட்டார்கள். அவர்களில் வெல்லப்போகிறவர் எங்கள் தெருவுக்கு ஒரேயொரு தடவை வந்தார், படம் எடுத்தார், காரில் ஏறிப் போனார். அந்த வளைவில் அவருடைய கார் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

"அண்ணை, உங்களுக்கு நூறு வாக்கும் விழாது. ஏன் மானத்தை விக்கிறியள்?" என்றேன்.

"விழும் தம்பி. எங்கடை சனம் எல்லாம் போடுறம் எண்டு சொல்லிப்போட்டினம். நூறு விழுந்தால் காணும், உவங்கள் திரும்பிப் பாப்பாங்கள். கோடு வரும்."

எங்கள் சனம் போடுறம் என்று சொன்னதையெல்லாம் நம்புகிற மனிதரிடம் மேலே என்ன கதைக்கிறது? வாக்கு எண்ணும்போது கூடநிற்கும் ஆளாக என் பெயரையே கொடுத்திருந்தார். மறுக்க முடியவில்லை.

வாக்களிப்பு ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. எப்படியும் நூறு விழாது என்று நான் வாக்குப்போடப் போகவேயில்லை. சுவிஸ் அக்கா பட்டுச்சேலைக்கு மேல் குளிர் ஜக்கெற் போட்டுக்கொண்டு காலையிலிருந்து மழைக்குள் வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே போன ஜேர்மன் அக்கா போன வேகத்தில் வெளியே வந்தாராம்.

"எடியே, உள்ளுக்கை சுவிஸ் அண்ணை எண்டு ஒருத்தரையும் காணேல்லை. உன்ரை மனுசன்ரை பேர் என்ன?"

"ஐயோ அக்கா, நான் எப்பிடிச் சொல்லுறது?"

"ஏன், தெரியாதோ?"

"தெரியும். கலியாணம் கட்டி இருபத்திரண்டு வரியம் நான் அந்தப் பேரை வாயாலை சொல்லேல்லை. இண்டைக்கு, அவர் ஒரு நல்ல காரியத்திலை நிக்கிற நாளிலையோ சொல்லப்போறன்?"

கணவன் பெயரைச் சொன்னால் ஆயுள் குறைந்துவிடும் என்று பயந்த அந்த மனுசி, வாக்குக் குறைந்துவிடும் என்று பயப்படவில்லை. அடுத்தடுத்து வந்து கேட்டவர்களுக்கும் அதே பதில்தான். சுவிஸ் அண்ணையையே கேட்கலாம் என்றால் அவர் வளைவில் குடையோடு நிற்கிறார். தேர்தல் என்பதற்காகப் பள்ளிக்கூடம் நேரத்தை மாற்றுமா?

மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் எண்ணினார்கள். பெரிய மண்டபம், நீள மேசைகள், கட்சி நிறத் துணிப்பூக்களைச் சட்டையில் குத்திக்கொண்டு ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக் குலாவுகிற கூட்டம். எதிராக நின்றவர்களாம்! சுவரில் வேட்பாளர் பட்டியல் ஒட்டியிருந்தது. கடைசியில், தகப்பன் பெயர் முன்னுக்கும் தன் பெயர் பின்னுக்குமாக, விஸ்வலிங்கம் தர்மகுலசிங்கம் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"இது ஆர் அண்ணை, இன்னொரு தமிழர்?" என்று கேட்டேன்.

"நான்தான் தம்பி," என்றார் அவர்.

மூன்று வீடு தள்ளி இருக்கிற எனக்கே தெரியாத பெயர். மேசையில் மற்றவர்களின் வாக்குகள் கட்டுக்கட்டாக ஏறிக்கொண்டிருந்தன. விஸ்வலிங்கத்தாரின் தட்டில் காற்றுக்குப் பறந்துவிடும்போல ஒன்பது தாள் கிடந்தது.

"ஒன்பதோ?" சுவிஸ் அண்ணை குனிந்து தட்டைத் திரும்பவும் எண்ணினார். "கையெழுத்து வைச்சதே பத்துப் பேரெல்லோ தம்பி. அப்ப என்ரை வீட்டிலை வந்து இருந்து சிரிச்சதெல்லாம்..."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ரோல்ஸ் தின்ற ஒவ்வொரு வாயையும் மனதுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது தேர்தல் அதிகாரி சந்தேகத்துக்குரிய வாக்குகளைப் பார்க்கும்படி எல்லாரையும் கூப்பிட்டார். மெலிந்த வெள்ளைக்காரர், நல்ல மனிதர். முதல் தாளைத் தூக்கிப் பிடித்தார். ஆங்கிலப் பெயர்களுக்குக் கீழே வெறும் இடத்தில் பேனையால் ஒரு பெட்டி கீறி, அதற்குள் ஒரு புள்ளடி போட்டு, பக்கத்தில் உருண்டை எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது.

"இது என்ன மொழி?"

"தமிழ்," என்றேன்.

"என்ன எழுதியிருக்கிறது?"

"சுவிஸ் அண்ணை."

"அதாவது?"

"சுவிட்சர்லாந்திலிருந்து வந்த மூத்த சகோதரர்."

அதிகாரி பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "அப்படி ஒரு வேட்பாளர் இல்லையே?"

"இருக்கிறார். இதோ நிற்கிறார்."

சுவிஸ் அண்ணை குடையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு மரியாதையாகத் தலை குனிந்தார். அதிகாரி அவரையும் தாளையும் மாறிமாறிப் பார்த்தார். "மிகவும் வருந்துகிறேன். செல்லாது," என்றார்.

அடுத்த தாள். அதிலும் சுவிஸ் அண்ணை. அடுத்ததிலும் சுவிஸ் அண்ணை. ஒன்றில், மூலைக்கடையில் கத்தரிக்காய் விலை எழுதுகிற அதே கையெழுத்தில், 'சுவிஸ் அண்ணை, உங்கடை பேரைக் காணேல்லை, குறை நினைக்காதையுங்கோ' என்று கடிதமே எழுதியிருந்தது. ஒருவர் குடைப் படம் கீறிவிட்டுப் போயிருந்தார். அறுபதுக்கு மேல் தாள். அதிகாரி ஒவ்வொன்றுக்கும் வருந்தினார். நான் ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்தேன். பாதியில் தண்ணீர் தந்தார்கள்.

பெயரைக் கேட்கத் துப்பில்லாத மடைச் சனம். ஆனால் மழைக்குள் வரிசையில் வந்து நின்றிருக்கிறது.

"பாத்தியோ தம்பி? போட்டிருக்கினம்," என்றார் சுவிஸ் அண்ணை. கண் கலங்கியிருந்தது. வென்றவருடைய முகத்தில்கூட அவ்வளவு வெளிச்சம் இல்லை.

முடிவை அறிவித்தார்கள். விஸ்வலிங்கம், ஒன்பது. வென்றவர் மேடையேறி, இந்த மக்களின் குரல் தன் காதில் எப்போதும் ஒலிக்கும் என்று தொடங்கினார். சுவிஸ் அண்ணை சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"தம்பி, வா வா. பள்ளிக்கூடம் விடப்போகுது."

பேச்சின் நடுவில், எல்லாரும் திரும்பிப் பார்க்க, கோட்டுப் பறக்க நடந்தார். கதவடியில் நின்று, "சுவிஸிலை எண்டால் உவ்வளவு நேரம் கதைக்க விடமாட்டாங்கள்," என்றார்.

பஸ்ஸில் வந்து இறங்கியபோது பிள்ளைகள் அந்தப்பக்கம் கூட்டமாக நின்றார்கள். தாய்மாரும் நின்றார்கள். ஜேர்மன் அக்கா கடை வாசலில் நின்றார், எங்களைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். சுவிஸ் அண்ணை ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. குடையை விரித்தார், றோட்டில் இறங்கினார், நீட்டினார். பஸ் நின்றது. பிள்ளைகள் கடந்தார்கள்.

அன்றைக்கு எனக்கு அந்தப்பக்கம் ஒரு வேலையும் இருக்கவில்லை. ஆனாலும் நான் அந்தக் குடைக்குக் கீழே றோட்டைக் கடந்து போய், திரும்பவும் கடந்து வந்தேன்.